மாமாவின் செம்பு

ஒரு மனிதரிடம் எவ்வளவு இரக்கம் இருக்கிறது என்று அளந்து பார்க்க எங்கள் மாமாவிடம் ஒரு செம்பு இருந்தது.

மல்லாவிப் பக்கம் நாங்கள் குடியேறிய காணியில் கிணற்றுத் தண்ணீர் ஒரே உவர். குடிக்கிற தண்ணீரை அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மாதான் தூரத்துப் பொதுக்கிணற்றில் அள்ளி, சைக்கிளில் இரண்டு கான் கட்டி, மணல் ஒழுங்கையால் இடுப்பு நோக நோகத் தள்ளிக்கொண்டு வருவார். அந்தத் தண்ணீரை மாமா செம்பு நிறைய வார்த்து, வீட்டுக்கு வந்தவர் முன்னால் வைப்பார். குடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்தால் நல்ல மனிதர். முற்றத்தில் ஊற்றினால், "அடுத்தவையின்ர நாரி நோவு தெரியாத சென்மம்" என்று தீர்ப்பு வந்துவிடும். இப்படியே ஊரில் பாதிப்பேரை மாமா தள்ளிவைத்திருந்தார்.

சின்னம்மாவைப் பெண் பார்க்க வட்டக்கச்சியிலிருந்து ஒருவர் தாயோடு வந்தார். அதற்கு முன் வந்த சம்பந்தங்களெல்லாம் குழம்பிப்போயிருந்தன. இதாவது சரிவர வேண்டும் என்று அம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தார். வந்தவர் கதிரையில் உட்கார்ந்து அரைச் செம்பு குடித்தார். பிறகு எழுந்து போய், வாசலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்த எங்கள் நாய்க்கு மிச்சத்தைச் சிரட்டையில் வார்த்தார். மாமாவின் முகம் கறுத்துப்போனது.

அவர்கள் போனதும் மாமா சொன்னார்: "இது சரிவராது. நாய்க்குக் கிணத்துத் தண்ணி போதாதோ?"

அம்மா தலையில் கைவைத்தபடி இருந்துவிட்டார். குசினிக்குள்ளிருந்து சின்னம்மா வெளியே வந்தார். மாமாவுக்கு முன்னால் அவர் வாய் திறந்து அதுவரை நான் கண்டதில்லை.

"வாய்க்கால் தண்ணி ஓடுற ஊரால வந்த மனிசனுக்கு எங்கட கிணறு உவரெண்டு எப்பிடி அண்ணை தெரியும்? நாய்க்கு விடாயெண்டு தெரிஞ்சிருக்கு."

"அப்ப உன்ர நாரி?"

"என்ர நாரி நோகுதெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. ஒருநாளெண்டாலும் அந்தக் கானைத் தூக்கினீங்களோ?"

மாமா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். இந்தச் சம்பந்தமும் போச்சு என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால் சைக்கிளைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை முனையில் மாமா தெரிந்தார். கானோடு சைக்கிள் தள்ளிப் பழக்கமில்லாமல், பாதித் தண்ணீரைத் தான் உடுத்திருந்த சாரத்தில் ஊற்றிக்கொண்டு வந்தார்.

"அக்கா, மாப்பிள்ளை வீட்டுக்கு ஓமெண்டு சொல்லிவிடுங்கோ" என்றார் மூச்சு வாங்கியபடி.

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். சின்னம்மா மட்டும் கானைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். கலியாணமும் சரிவந்துவிட்டது, தண்ணீரும் வந்துவிட்டது, இனி அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு அன்று விளங்கவில்லை.