அளவு ஜாக்கெட் கேட்காத டெய்லர்

ஜாக்கெட் தைக்கிற தொழிலில் மிஷின் பழுதானால் பிரித்துப் போட்டுச் சரி செய்யலாம். மண்டை பழுதானால் யாரிடம் போவது? சேலையூரில் பதினைந்து வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். மற்ற டெய்லர்கள் துணியோடு அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டும் கேட்பார்கள். நான் கேட்டதே இல்லை. ஒரு தரம் டேப் வைத்தால் போதும், அளவு தலையிலேயே நிற்கும். அந்தத் திமிர்தான் எனக்குச் சொத்து. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே திண்டாடுகிற தலைக்காரர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன், கேளுங்கள்.

கட்டு எங்கே?

செம்பாக்கம் ஏரிப் பக்கம் வண்டி மணலில் சறுக்கி விழுந்தேன், தலை தரையில் மோதியது. ஸ்கேன் நார்மல், லேசான அடிதான், சரியாகிவிடும் என்றார் டாக்டர். நாலு மாசம் ஆகிறது. டியூப்லைட்டைப் பார்த்தால் குமட்டுகிறது. மிஷின் சத்தம் மண்டைக்குள்ளேயே ஓடுகிறது. கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு கத்தரிக்கோலைத் தேடுகிறேன்.

பக்கத்து அயர்ன் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், கட்டும் இல்ல, தையலும் இல்ல, சும்மா ஓபி அடிக்கிறியா?"

இரண்டு கை

மெர்சி டீச்சர் என் பழைய வாடிக்கை. அவர் மகளுக்குக் கல்யாண ஜாக்கெட். புடவையோடு வந்த ஜரிகைத் துணி, வேறு கிடைக்காது. கை வெட்டும்போது துணியை எதிரெதிராக மடித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாகிவிடும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே படிக்கிற பாடம் அது. அதைக் கோட்டை விட்டேன்.

போட்டுப் பார்த்த பெண் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னாள்: "அங்கிள், எனக்கு ரைட் கையும் இருக்கு அங்கிள்."

பைக்குள் இருந்தது

அன்றைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். இந்த வேலையைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? இனி டீச்சர் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த மாசம் துணியோடு வந்து நின்றார். அப்பாடா, தொழில் போகவில்லை என்று உயிர் வந்தது. பையிலிருந்து துணியை எடுத்து உதறினேன். உள்ளேயிருந்து சாயம் போன ஒரு ஜாக்கெட் விழுந்தது. எப்போதோ நான் தைத்ததுதான்.

டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அளவுக்கு, பாய்... சும்மா, எதுக்கும் இருக்கட்டும்."

என் தலையைப் பற்றி இதுவரை வந்த ரிப்போர்ட்டுகளில் தப்பில்லாத ரிப்போர்ட் அந்த அளவு ஜாக்கெட் ஒன்றுதான்.