மறைக்கச் சொன்ன ஒரு வரி

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம். விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறேன்... பக்கத்து அறையில் என் மகள் செல்வியிடம் அவள் முதலாளி போன் ஸ்பீக்கரில் கத்திக்கொண்டிருக்கிறார்.

போடியில், வீட்டிலிருந்தே அவளுக்கு சாஃப்ட்வேர் வேலை. ஏலக்காய் விவசாயிகளுக்கான ஆப். வெளிக் கம்பெனிகளின் புரோகிராம்கள் அந்த ஆப்பிடம் என்ன கேட்கலாம், என்ன பதில் கிடைக்கும் என்று சொல்ல ஒரு கையேடு உண்டாம் — ஏபிஐ டாக்குமெண்ட். அதை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஆப்பில் என்னென்ன உண்டு என்று ஒரு ஃபைலில் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். மெஷின் அதைப் படித்துக் கையேட்டைத் தானே தயாரித்துவிடும். எட்டாவது படித்த எனக்கே புரிந்தது. உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்!

வந்துவிட்டது. கேட்கிற கம்பெனிக்கு விவசாயியின் போன் நம்பரும் போகும் என்று ஒரு வரி.

"அந்த வரிய மட்டும் எடுத்துரும்மா. சங்கத்துக்காரக பாத்தா சேர மாட்டாக."

"கையால எடுத்தா நிக்காது சார். அடுத்த தடவ மெஷின ஓட்டுனா திரும்ப வந்துரும்."

"மறைக்க வழியே இல்லையாக்கும்?"

"இருக்கு. நான் செய்ய மாட்டேன். ஆப்புல நம்பர் குடுக்கிறத நிப்பாட்டுங்க, வரி தானாப் போயிரும்."

"திங்கக்கெழமைக்குள்ள யோசி. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

ஆப்பில் சேரவிருப்பது யார் சங்கம் தெரியுமா? தேவாரத்தில் இருக்கும் என் அண்ணனின் விவசாயிகள் சங்கம். மலையில் தோட்டம் வைத்திருப்பவர். உரம் விற்கிறவன், லோன் விற்கிறவன் என்று இப்போதே அவர் போன் ஓய்வதில்லை.

என் வீட்டுக்காரருக்கோ வேறு கவலை. "ஏத்தா, கொஞ்சம் அனுசரிச்சுப் போகக்கூடாதா? ஆவணியில பொண்ணு பாக்க வர்றாக. வேல போயிருச்சுன்னா என்னத்தச் சொல்ல?"

"போயிருச்சுன்னே சொல்லுங்கப்பா. அதையும் மறைக்கணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பயமும்தான்.

மாமனைக் காட்டிக்கொடுத்துச் சம்பளம் வாங்கி, அதில் சாமிக்குப் பூ வாங்கினால் சாமி ஏற்குமா? "அனுப்புடி," என்றேன். கையேட்டை அந்த வரியோடு அப்படியே முதலாளிக்கு அனுப்பிவிட்டாள். இதை எழுதும் வரை பதில் இல்லை.

வேலை நிலைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் அம்மனுக்கு நேர்ந்திருக்கிறார். நான் நேர்ந்துகொள்ளவில்லை. நியாயத்தைச் செய்துவிட்டு அம்மனிடம் எதற்குக் கெஞ்ச வேண்டும்?