ஜன்னல் இல்லாத வரைபடம்

புதிதாக வெட்டிய மலைமண்ணுக்கென்று ஒரு மணம் உண்டு. அறுந்த வேரின் பச்சை வாடையும் உள்ளே தேங்கிக் கிடந்த ஈரத்தின் குளிர்ச்சியும் கலந்த மணம். சித்திரபுரத்துக்குக் கீழே எங்களுடைய ஏழு சென்ட் நிலத்தில் முதல் மண்வெட்டி இறங்கிய காலையில் அது என் சேலையில் ஏறிக்கொண்டது… மாலை வரை நான் அந்தச் சேலையை மாற்றவில்லை.

எஸ்டேட் லயத்தைப் பார்த்திராத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே கூரையின் கீழ் பத்து வீடுகள் ஒட்டி நிற்கும். வீட்டுக்கு ஒரு முன்னறை, ஓர் அடுப்படி. நான் பிறந்ததும் லயத்தில். வாழ்க்கைப்பட்டு வந்ததும் லயத்தில். என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நானோ வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தவள். வேலையில் இருப்பவருக்குத்தான் லயத்து வீடு. எஸ்டேட் பதிவில் என் பெயர் கிடையாது. ஆகவே அவருக்கு ரிட்டயர்மெண்ட் ஆனதும் நாங்கள் வீட்டுச் சாவியை ஒப்படைத்தாக வேண்டும்.

அந்த ஆண்டு மே மாதக் கடைசி அவருடைய கடைசி வேலைநாள். ஜூனில் மழை இறங்கிவிடும். அதற்குள் சரிவை வெட்டித் தளம் சமன்செய்து அஸ்திவாரம் எழுப்பாவிட்டால், எங்களுக்குப் போவதற்கு ஓர் இடம் இல்லை.

நிலம் தேடிய கதையில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. மறைக்கமாட்டேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். மலையாள எழுத்தை பஸ் போர்டுகளையும் ரேஷன் கார்டையும் பார்த்துப் பார்த்து நானாகவே கற்றேன். சாந்தன்பாறைப் பக்கம் மலிவாக ஒரு நிலம் வந்தபோது, பட்டயத்தை வாங்கி எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். ஏலச் சாகுபடிக்கு மட்டும் என்று இருந்தது. அங்கே வீடு கட்ட முடியாது. விற்க வந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சேச்சி மலையாளம் வாயிக்குமோ?" என்று கேட்டார். வாசிப்பேன் என்று சொல்லிக் காகிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

அந்தப் பெருமையில்தான் வீட்டின் வரைபடத்தையும் நானே வரைந்தேன். கணக்கு நோட்டில், ஸ்கேல் வைத்து, அடிக்கணக்கு எழுதி… முன்னறை, இரண்டு படுக்கையறை, அடுப்படி. லயத்து வீட்டைவிட இரு மடங்கு.

ஒற்றையடிப் பாதை என்பதால் எந்திரம் வர வழியில்லை. என் கணவரும் தொழிற்சாலை நண்பர்கள் இருவரும் விடுமுறை நாள்களில், என் படத்தின் அளவுக்கு ஓர் அங்குலமும் பிசகாமல் மலையை வெட்டினார்கள். பின்னால் கொஞ்சம் இடம் விட்டு ஆளுயர மண், இருபுறமும் ஒட்டினாற்போல் மண், முன்னால் மட்டும் திறப்பு. ஒரு மாதம் ஆயிற்று.

அஸ்திவாரத்துக்கு நூல் பிடித்து அளவு குறிக்க வந்த மேஸ்திரி எங்கள் லயத்துக்காரர்தான். நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிடாதீங்க அக்கா. முன்னால ஜன்னல் இருக்கு, பின்னால இருக்கு. ரெண்டு பக்கச் சுவத்துல ஒண்ணக்கூடக் காணோமே?"

"பக்கத்துல வீடு இருக்கும்போது அங்க எப்படி ஜன்னல் வைக்க?" என்றேன்.

அவர் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். "எந்த வீடுக்கா?"

நோட்டை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன்.

"லயத்துல நடு வீட்ட மட்டும் பேத்துத் தூக்கிட்டு வந்தாப்புல இருக்கு" என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அவரும் அப்படியொரு வீட்டில் பிறந்தவர்தானே.

நாற்பத்தாறு வருடம் இருபுறமும் அடுத்தவர் சுவரோடு வாழ்ந்தவள், சுவரென்றால் அப்படித்தான் என்று வரைந்திருக்கிறேன். அவர்களும் அப்படித்தான் என்று வெட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. இனி ஜன்னல் வைத்தாலும் திறந்தால் மண்தான் தெரியும்.

மழைக்குப் பன்னிரண்டு நாள்கூட இல்லை. "விடு செல்வி. பழகுன சுவருதான" என்றார் என் கணவர். அவர் கைகளில் தோல் உரிந்திருந்தது. அவரிடம் மறுபடி வெட்டச் சொல்ல எனக்கு நா எழவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இடப்பக்கத்து மண்ணில் நானே இறங்கினேன். பிழை என்னுடையது.

பின்னாலேயே வந்த என் கணவர், "நகரு. மம்பட்டியக் கால்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைய விடாத" என்று வாங்கிக்கொண்டார். நான் மண்ணைச் சட்டியில் அள்ளிச் சுமந்தேன். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் லயத்திலிருந்து நான்கைந்து பேர் வந்தார்கள். யாரும் அழைக்கவில்லை. இடப்பக்கம் நாலடி அகலத்துக்கு மண் விலகிப் பள்ளத்தாக்குப் பக்கம் திறந்தது. வலப்பக்கம் பாறை, அதை உடைக்க நாளும் இல்லை, ஆளும் இல்லை.

பதினோராம் நாள் முதல் மழை. தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, வெட்டிய மண் சரியுமோ என்று நனைந்துகொண்டே நின்றோம்… மண்ணும் நின்றது. அதன் பின்பே கல் அடுக்கி அணைத்தோம். எஸ்டேட்டில் கேட்டு வாங்கிய சில வாரத் தவணை முடிந்து சாவியை ஒப்படைத்த அன்று சுவர்கள் இடுப்பளவு எழுந்திருந்தன. அடுப்படிக்கு மட்டும் தகரம் வேய்ந்து அதற்குள் குடியேறினோம்.

இன்று இடப்பக்கத்து ஜன்னலில் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. வருகிறவர்கள் அங்கே நின்று போட்டோ எடுக்கிறார்கள். வலப்பக்கச் சுவர் மூடிய சுவராகவே இருக்கிறது. வெள்ளையடித்து வைத்திருக்கிறேன்.

லயத்தில் அந்தப் பக்கம் காளியம்மா அக்கா வீடு இருந்தது. எனக்குக் காய்ச்சல் கண்டால் நான் சொல்லி அனுப்பியதில்லை. சுவர் வழியே இருமலைக் கேட்டுக் கஞ்சியோடு வந்து நிற்பார். அப்போது அது தொந்தரவாகக்கூட இருந்தது, இந்த வீட்டில் எதைப் பேசினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கிறதே என்று.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். என் கணவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். சொந்தப் பட்டா, சொந்தக் கூரை, நான்கு பக்கமும் சொந்த மண்… இருமினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை.