நாலாவது குழாய்

ஹெப்பாள் தொழிற்பேட்டையில், கம்பெனி பஸ்கள் திரும்பும் முனைக்குப் பக்கத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப். சாதாரணக் கார்களை ரேஸில் பறக்கிற கார்களாக மாற்றுவது வேலை. போன வருஷம் ஒரு வெள்ளைக் கார் வந்தது. காருக்குச் சொந்தக்காரர் ஐ.டி. கம்பெனியில் இருந்தார்; கொள்ளேகால்காரர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். எனக்குப் பக்கத்து ஊர், கௌதள்ளி. எங்களுக்குள் தமிழ்தான். கோபம் வந்தால் மட்டும் அவர் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

நான்கு பிஸ்டனும் ஒரே எடையில் இருந்தால்தான் இன்ஜின் உதறாது. சின்னத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தோம். மூன்றாவதை வைக்கும்போது அதன் அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு நட்டைப் போட்டேன். எடை ஏறியது. மாதக்கணக்கில் காத்திருந்து வரவழைத்த பிஸ்டன் அது. அவர் விற்றவனுக்குப் போன் போட்டுக் கன்னடத்தில் கிழித்தார். நான் பிஸ்டனைத் தூக்கிக் காட்டினேன். அதே போனில் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை இன்ஜெக்டர்கள். பெட்ரோலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் சின்ன மூக்குகள் அவை. நான்கையும் டெஸ்ட் பெஞ்சில் மாட்டி, கீழே நான்கு கண்ணாடிக் குழாய்களை வைத்து ஓடவிட வேண்டும். எல்லாம் ஒரே மட்டத்துக்கு நிறைய வேண்டும். நாலாவது குழாய் ஒரு விரற்கடை குறைந்து நின்றது. மறுபடி ஓடவிட்டேன். அதே குறைவு.

"ணா, நாலாவது கம்மியா வருதுங்ணா."

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதுக்குள்ள நட்டு கிட்டு இருக்கா பாரு."

"நெசமாத்தாங்ணா. மாதேஸ்வர சாமி மேல சத்தியம்."

"பிஸ்டனுக்கும் அவரு மேலதான் பண்ணுன. அவரு பாவம்டா, விட்ரு. மாட்டு, நாளைக்கு ஓட்டணும்."

மறுநாள் அவருடைய முதல் போட்டி. இதை அப்படியே மாட்டினால் நாலாவது சிலிண்டருக்குப் பெட்ரோல் பத்தாது. டர்போ தள்ளுகிற காற்றில் சூடேறி பிஸ்டன் உருகிவிடும். மாட்டச் சொன்னது அவர். மாட்டிவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். ஸ்பேனரைக் கையில் எடுக்கக்கூட எடுத்தேன்.

"ஒன்னு பண்ணுங்ணா. ரெண்டாவதையும் நாலாவதையும் நீங்களே மாத்தி மாட்டுங்க. நான் வெளிய நிக்கறேன்."

"எதுக்கு?"

"கம்மி ரெண்டாவதுக்கு வந்துச்சுன்னா, தப்பு அந்த இன்ஜெக்டர்லதான். வரலைன்னா என்னைய மாத்திருங்க."

அவர் எழுந்து வந்து முதலில் என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். ஒரு பீடா பொட்டலம்தான் இருந்தது. நான் வாசலில் போய், போலீஸ் பிடித்தவன்போல் இரண்டு கையையும் தலைமேல் வைத்து நின்றேன். எதிர்க் கடைக்காரர் என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டார். டெஸ்ட் என்றேன்.

உள்ளே பெஞ்ச் டிக்டிக்கென்று ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

"வாடா உள்ள."

இரண்டாவது குழாய் ஒரு விரற்கடை குறைவு. அவர் அதையே பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்த இன்ஜெக்டரைக் கழுவினோம், ஊறவைத்தோம். அசையவில்லை. நான்கும் ஒரே செட் என்று நம்பி வாங்கியது. ஒன்று வேறு செட்டாக இருந்திருக்கும். போட்டி நடத்துபவர்களுக்குப் போன் போட்டு வரவில்லை என்றார். கன்னடத்தில்தான். ஆனால் மெதுவாக.

இரண்டு வாரம் கழித்து, சேர்த்துச் சோதித்த புது இன்ஜெக்டர்கள் நான்கும் வந்தன. பெஞ்சை அவரே ஓட்டினார். என்னை வாசலில் நிற்கச் சொன்னார்.

"எப்டிங்ணா?"

"மூனாவது கம்மிடா."

ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். நான்கும் ஒரே மட்டம். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

குழாய்களைக் காலி செய்து, இன்னொரு தடவை ஓடவிட்டேன்.