அம்மாமாரின் சங்கீதக் கதிரை

என் மகளுக்குத் தோற்பது பிடிக்காது. யாருக்குத்தான் பிடிக்கும் என்பீர்கள். ஆனால் லூடோவில் அவளுடைய காயொன்று வெட்டுப்பட்டாலே எங்கள் வீட்டில் மாரி தொடங்கிவிடும். அப்போது அவள் தரம் இரண்டில் படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் மனதைத் திடப்படுத்துவது எப்படி என்று நான் கைபேசியில் காணொளிகள் பார்க்கத் தொடங்கினேன். அவற்றில் வந்தவர்கள் எல்லாரும் மெதுவாக, சாந்தமாகப் பேசினார்கள். ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் புகுந்து அழுதவளிடம் நானும் குனிந்து, "உங்கள் கவலையை அம்மா முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்" என்றேன்.

அழுகை சட்டென்று நின்றது. "ஏனம்மா செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறியள்?"

கணவர் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார்.

பிறகு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வந்தது. தெல்லிப்பழைக்குப் பக்கத்தில்தான் பள்ளிக்கூடம். மகளுக்கு இரண்டு போட்டிகள்: கடைசியில் பலூன் ஊதிக் கட்டி உடைப்பது, அதற்கு முதல் தேசிக்காய் ஓட்டம். கரண்டியை வாயில் கவ்வி, அதில் தேசிக்காயை வைத்துக்கொண்டு ஓடவேண்டும். அவள் முற்றத்தில் பழகிய பழக்கத்தில், சம்பலுக்குப் பிழிய எங்கள் வீட்டில் ஒரு தேசிக்காய்கூட மிஞ்சவில்லை. ஆனால் அன்றைக்குப் பாதி வழியிலேயே காய் விழுந்து, உருண்டு உருண்டு விருந்தினர்கள் இருந்த பந்தலுக்குள் போய்விட்டது. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கதிரைகளுக்கு அடியில் தவழ்ந்து அதை எடுத்துக் கொடுத்தபோது ஓட்டம் முடிந்திருந்தது. மைதானமே சிரித்தது. மகள் கரண்டியை எறிந்துவிட்டு ஓடிவந்து தகப்பனின் சேட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"நான் இனிப் பள்ளிக்கூடம் வரமாட்டன். பலூன் ஊதவும் மாட்டன்."

"நாளைக்கு எல்லாரும் மறந்திடுவினம், குஞ்சு" என்று கணவர் அவள் தலையைத் தடவினார்.

"மறக்க மாட்டினம்!"

அந்த நேரம் பார்த்து ஒலிவாங்கியில் ஆசிரியர் அழைத்தார். "அடுத்தது அம்மாமாருக்கான சங்கீதக் கதிரை! வெக்கப்படாமல் வாங்கோ!"

"நீர் போம், நான் பிள்ளையைப் பாக்கிறன்" என்று கணவர் என்னைத் தள்ளிவிட்டார்.

இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். பாட்டுத் தொடங்கியதும் எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. செருப்பைக் கழற்றி எறிந்தேன். சேலையைத் தூக்கிச் செருகினேன். ஒவ்வொருவராக வெளியேற, கடைசியில் ஒரே ஒரு பிளாஸ்ரிக் கதிரை, அதைச் சுற்றி நானும், காங்கேசன்துறைப் பக்கமிருந்து வந்த இன்னொரு தாயும். பாட்டு நின்றது. இருவரும் ஒன்றாகப் பாய்ந்தோம்.

படார்!

கதிரை, அப்போதுதான் பிறந்த ஆட்டுக்குட்டியைப் போல நான்கு கால்களையும் பரப்பியது. நாங்கள் இருவரும் புழுதியில் கால் நீட்டிக் கிடந்தோம். மைதானமெங்கும் எழும்பியது சிரிப்பு. ஒலிவாங்கி ஆசிரியராலும் பேச முடியவில்லை. மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது. எனக்கு முகம் கொதித்தது. எழும்பி வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

"அக்கா, உயிரோடை இருக்கிறியளோ?" என்றாள் பக்கத்தில் கிடந்தவள்.

"தெரியேல்லை. நீங்கள்?"

அவ்வளவுதான். வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்புக் கிளம்பிவிட்டது. ஒருத்தி எழும்பப் பார்த்தால் மற்றவள் பிடித்து இழுத்தபடி சரிந்தாள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு மகள் ஓடிவந்தாள். "அம்மா, நொந்ததோ?"

"கொஞ்சம்."

"எல்லாரும் சிரிக்கினம். உங்களுக்கு வெக்கமாய் இல்லையோ?"

பார்த்த காணொளிகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "சரியான வெக்கமாய்க் கிடக்கு. முகம் எரியுது, தொட்டுப் பாருங்கோ."

அவள் உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்தாள். "ஓம், சுடுது. அப்ப ஏன் சிரிக்கிறியள்?"

"வெக்கமும் வருது, சிரிப்பும் வருது. ரெண்டும் ஒண்டாய் வந்தா நான் என்ன செய்ய?"

அவள் என்னைப் பார்த்தாள். கதிரையைப் பார்த்தாள். உதடு நடுங்கியது. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். திடீரென்று பொத்தென்று புழுதியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு வாளி பரிசு கிடைத்தது. வாளியோடு நான் திரும்பியபோது மகளைக் காணவில்லை. அவள் தானாகவே பலூன் வரிசையில் போய் நின்றுகொண்டிருந்தாள். ஊதினாள், ஊதினாள். முடிச்சுப் போடும் நேரம் பலூன் கை நழுவி, 'பர்ர்ர்' என்று வானத்தில் வளைந்து நெளிந்து போனது. சனம் மறுபடி சிரித்தது. நானும் கணவரும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்தோம். அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். கண் முழுக்கத் தண்ணீர். பிறகு பலூனைத் துரத்திக்கொண்டு ஓடினாள்! அதைப் பிடித்து, மண்ணைத் துடைத்து, மீண்டும் ஊதி, எல்லாரும் போனபிறகு தனியாக உடைத்தாள்.

வந்து என் மடியில் விழுந்து, "தோத்திட்டன்" என்று விம்மினாள். விம்மலுக்கு நடுவே தலையை நிமிர்த்தி, "ஆனால் பலூன் போன போக்கைப் பாத்தனீங்களோ?" என்றாள்.

திரும்பும் வழியில் மருதனார்மடத்தில் ஐஸ்கிரீம் குடிக்க இறங்கினோம். மகள் கடைக்காரரிடம் முழுக்கதையும் சொன்னாள். தேசிக்காய், பலூன், அம்மா விழுந்த விதம், எல்லாம். எப்படி விழுந்தேன் என்று காட்டுவதற்காக அவள் பின்னால் நகர்ந்து, கடையில் கிடந்த கதிரை ஒன்றின் மேல் பாயத் தயாரானபோது, கடைக்காரர் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"பிள்ளை, கவனம்! அது நேற்றுத்தான் வாங்கின கதிரை!"

நான் சிரித்த சிரிப்பில் ஐஸ்கிரீம் மூக்கில் ஏறிவிட்டது.