வியாழக்கிழமைக்கு ஒரு மழை

ஊசிக்காது என்ற குறுகலான பாறை இடுக்குக்குள் நடந்துபோக எந்த மாதம் நல்லது என்று ஆர்வெல் ஸ்டோக்கரிடம் கேட்டவர்கள் யாரும் பதில் கிடைக்காமல் திரும்பியதில்லை. கேட்காதவர்களுக்கும் பதில் கிடைக்கும். தெற்கு யூட்டாவில், எங்கள் ஊருக்குள் நுழையும் வளைவில் இருக்கிறது அவருடைய பெட்ரோல் பங்க். வண்டியின் வயிறு நிறைவதற்குள் ஒரு வருஷத்து வானிலையைச் சொல்லி முடித்துவிடுவார். மார்ச்சில் காற்று, வாயைத் திறந்தால் பல்லில் மணல். மே மாதம் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பூச்சி காதுக்குப் பின்னால் குடித்தனம் நடத்தும். ஜூனில் பாறை தோசைக்கல். ஜூலையிலும் ஆகஸ்டிலும் இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே எங்கோ மேட்டுநிலத்தில் பெய்த மழை வெள்ளமாக இடுக்குக்குள் இறங்கி ஆளை அடித்துக்கொண்டு போய்விடும்.

பேச்சோடு நிற்கமாட்டார். பயணிகளை ஜீப்பில் ஏற்றி இடுக்கின் மேல் வாயிலில் இறக்கிவிடுவார். அவர்கள் உள்ளே நடந்து வருவதற்குள் மலையைச் சுற்றிக்கொண்டு கீழ் வாயிலுக்குப் போய் நிற்பார். வெளியே வந்தவர்களைக் கடைக்குக் கூட்டிவந்து காபி கொடுப்பார்.

காபியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையின் விதிப்படி காபி குடிக்கக் கூடாது. ஆர்வெல் ஒரு வாய்கூட ருசி பார்த்ததில்லை. குடித்தவர்கள் முகத்தைப் பார்த்தே தூளைக் கூட்டுவார், குறைப்பார். பிரமாதமான காபி என்று பெயர். ஊசிக்காதும் அவருக்கு அப்படித்தான். போய் வந்தவர்கள் சொன்னதைச் சேர்த்து வைத்து அடுத்தவர்களுக்குச் சொல்வாரே தவிர, உள்ளே ஒரு எட்டு வைத்ததில்லை.

இளவட்டமாக இருந்தபோது ஒரு தடவை நண்பர்களோடு மேல் வாயில் வரை போனார். ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்து. மேலே வானம் அரைஞாண் கயிறு அகலத்துக்குத் தெரிந்தது. மூச்சு முட்டியது. ஷூ கயிறு அறுந்துவிட்டது என்று சொல்லித் திரும்பிவிட்டார். பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு பெட்ரோல் பங்க் வந்தது, பெயர் வந்தது, சொல்ல வாய் வராதது அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனைவி நெட்ராவுக்கும் தெரியாது.

நெட்ரா கல்யாணமான புதிதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். “ஒரு தடவை என்னை ஊசிக்காதுக்குக் கூட்டிட்டுப் போயேன்.” மார்ச்சில் கேட்டால் காற்று. மே மாதம் பூச்சி. அக்டோபரில் கேட்டால் கூட்டம். குளிர்காலத்தில் உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்திருக்கும். எல்லாமே உண்மைதான், அதுதான் சங்கடம். பொய்யாக இருந்தால் நெட்ரா எப்போதோ பிடித்திருப்பார்.

அந்த வருஷம் கோடை மழை பொய்த்துவிட்டது. நீர்த்தேக்கத்தில் சேறு வெடித்துக் கிடந்தது. நெட்ராவின் அண்ணன் டெல்மர் குதிரைமசால் தீவன வயலைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் மழை இல்லையென்றால் வெள்ளமும் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் ஆர்வெல் தொலைபேசியில் ஒரு ஜெர்மன்காரரிடம் உருகிக்கொண்டிருந்தார்.

“செப்டம்பர் முதல் வாரம் வாங்க சார். இந்த மாதிரி வாரம் அமையாது. காத்து இல்ல, பூச்சி இல்ல, தண்ணி கணுக்கால் அளவுதான். சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க. புதுசா கல்யாணம் ஆன மாதிரி இருக்கும்.”

ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நெட்ரா மூட்டை அடுக்கிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

“ஜெர்மன்காரன் பொண்டாட்டிக்கு அவ்ளோ நல்ல வாரமா?” என்றபடி நெட்ரா வெளியே வந்தார். “அப்ப எனக்கு மட்டும் என்ன கேடு?”

ஆர்வெல் தொலைபேசியைக் கீழே வைத்தார்.

“அது வந்து… கடைய யாரு பாக்கறது?”

“மூடிடு. வியாழக்கிழமை போறோம். இந்தத் தடவையும் ஏதாவது சாக்கு சொன்னே, இனிமே ஜென்மத்துக்கும் கேக்கமாட்டேன். எதையுமே கேக்கமாட்டேன்.”

கடைசி வாக்கியத்தை நெட்ரா கத்திச் சொல்லவில்லை. அதனால்தான் ஆர்வெல் சரி என்று தலையாட்டிவிட்டார்.

மனித சாக்குகள் தீர்ந்துபோன நேரத்தில்தான் ஞாயிறு வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் உபவாச நாள். இரண்டு வேளை சாப்பாட்டை விட்டுவிட்டு ஜெபிப்போம். இந்த முறை மழைக்காக உபவாசம் என்று பிஷப் க்ளிஃப்டன் அறிவித்திருந்தார். எங்கள் பிஷப்புகளுக்குச் சம்பளம் கிடையாது, ஆகையால் வார நாட்களில் அவர் டயர் கடைக்காரர்.

உபவாச ஞாயிறென்றால் ஆர்வெலுக்குச் சபைக்குக் கிளம்புவதற்குள் தலைசுற்றல் வந்துவிடும். பெரிய ரொட்டித் துண்டாகச் சாப்பிட்டால்தான் நிற்கும். அன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. கன்னம் ஒட்டி, கண் பளபளத்து, மேடையேறி நின்றார். சபையே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

“கர்த்தாவே, எங்க மாடுங்களப் பாரும். டெல்மரோட வயலப் பாரும். மழை தாரும். வியாழக்கிழமை தந்தா ரொம்ப உபகாரமா இருக்கும். காலைலயே ஆரம்பிச்சா இன்னும் நல்லது.”

ஆமென் சொல்ல எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

வெளியே வந்ததும் டெல்மர் தோளில் கை போட்டார். “மச்சான், மழை கேட்டியா, மளிகைக்கு ஆர்டர் குடுத்தியா? கிழமையெல்லாம் சொல்றே?”

“ஆர்டர் குடுத்தா சரக்கு வர ரெண்டு வாரமாகும் பிரதர்,” என்றார் பிஷப். “என் கடையில அப்படித்தான்.”

வீட்டுக்கு வந்தால் பன்றி இறைச்சி பொரியும் வாசனை வாசல் வரை வந்து வரவேற்றது. ஒரு ஞாயிறுகூட உபவாசம் தவறாத நெட்ரா, தட்டு நிறைய வறுத்த உருளைக்கிழங்கோடு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நெட்ரா! சபையே பட்டினி கிடக்குது!”

“கிடக்கட்டும். நான் எதிர்க்கட்சி.” ஒரு துண்டை மொறுமொறுவென்று கடித்தார். “நீ பட்டினி கிடந்து மழை கேளு. நான் சாப்பிட்டுட்டு வெயில் கேக்கறேன். யாரு பேச்சு எடுபடுதுன்னு பாத்துரலாம்.”

வியாழக்கிழமை விடிந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பட்டினி கிடந்த ஒரு முழு ஊரைப் பன்றி இறைச்சி தோற்கடித்துவிட்டது.

ஆர்வெல் தன்னால் முடிந்ததைச் செய்தார். தொப்பியைத் தேடினார். அது தலையில் இருந்தது. டயரில் காற்றுப் பார்த்தார், எண்ணெய் பார்த்தார், காற்றை மறுபடியும் பார்த்தார். கிளம்பும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. காலை இளம் வெயிலில் நுழைந்து, உச்சிக்கு முன்னால் வெளியே வந்துவிட வேண்டும் என்பது அவரே எல்லோருக்கும் சொல்கிற விதி.

மேல் வாயிலில் நெட்ரா சான்ட்விச் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். “வா.”

ஆர்வெல் சந்தைப் பார்த்தார். அதே பாறை, அதே கயிறு அகல வானம். கால் நகரவில்லை.

“எப்பவும் போல நான் வண்டியக் கீழ கொண்டாந்து நிறுத்தறேனே. திரும்பி ஏறி வர்றது உனக்குக் கஷ்டம்ல?”

நெட்ரா பையின் வாரை இறுக்கினார். “நானும் உன் டூரிஸ்ட்டா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பக்கவாட்டில் திரும்பி உள்ளே நுழைந்துவிட்டார்.

மலையைச் சுற்றிக் கீழ் வாயிலுக்கு வந்தபோது ஆர்வெல் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தார். ஜீப்பை மேட்டில் நிறுத்திவிட்டு வடக்கே பார்த்தார். மேட்டுநிலத்துக்கு மேல் ஒரு வெள்ளை மேகம் தலை காட்டியது. அடுத்து பார்த்தபோது அதன் அடிப்பாகம் கறுத்திருந்தது. அதன் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் மழை தொங்கியது. ஊர் கேட்ட மழை. அவர் கிழமை சொல்லிக் கேட்ட மழை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு அந்த மனிதர் நின்றார்.

மணலில் தொப்பென்று மண்டியிட்டார். “கர்த்தாவே, ஞாயித்துக்கிழமை சொன்னது வேற ஆர்வெல். அவன் பேச்சக் கேக்காதீங்க. அவன் நாசமாப் போகட்டும். அவ வெளிய வரட்டும்.” அதற்கு மேல் மண்டியில் நிற்கப் பொறுமை இல்லை. எழுந்து ஓடினார்.

சந்துக்குள் நுழைந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். பாறை முதுகை உரசியது, தொப்பை சட்டைப் பொத்தானைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வழி பிடித்தது. “நெட்ரா! நெட்ரா!” பாறையே திரும்ப அவரைக் கூப்பிட்டது. மூச்சு முட்டியது, முட்டட்டும் என்று நடந்தார். கணுக்கால் தண்ணீரில் விழுந்தார், எழுந்தார். இரண்டு வளைவு தாண்டினார்.

நெட்ரா ஒரு திண்டில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி வைத்து, காலைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டு சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நீ ஏன் இந்தப் பக்கமா வர்றே?”

“மழை! மேல மழை! கெளம்பு!”

“இங்கேர்ந்து மேட்டுல ஏற வழி இருக்கா? கிட்ட எதாவது இருக்கா?”

“தெரியாது.”

“என்ன தெரியாது? தினமும் ஊருக்கே சொல்றே!”

“தெரியாது நெட்ரா! நான் இங்க வந்ததே இல்ல! பயம்! போதுமா? வா, நான் வந்த வழிதான் தெரியும்!”

கையைப் பிடித்து இழுத்தார். நெட்ரா ஒற்றை ஷூவோடு ஓடினார். வெளியே வந்து மேட்டில் ஜீப் வரை ஏறித் திரும்பினார்கள். முதலில் காற்று வந்தது, ஈர மண் வாசனையோடு. பிறகு மரக்கட்டையும் கல்லும் உருள, செம்மண் நிறத்தில் தண்ணீர் இடுக்கின் வாயைப் பிளந்துகொண்டு வந்தது. நெட்ரா உட்கார்ந்திருந்த திண்டு அதற்குள் எங்கோ போயிருக்கும்.

நெட்ரா வெறுங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

“பயந்தானா?” என்றார் கடைசியில்.

“ஆமா.”

“வேற ஒண்ணுமில்லயா?”

“வேற என்ன இருக்கும்?”

“ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் தேதி சொன்னே. எனக்கு மட்டும் ஒரு நாள்கூட நல்ல நாளில்ல. எங்கூட வர உனக்குப் பிடிக்கலன்னு நெனச்சுட்டேன். இத்தன வருசமா அப்படித்தான் நெனச்சிருந்தேன், ஆர்வெல்.”

ஆர்வெலுக்கு வெள்ளம் தன் மேலேயே வந்து மோதியதுபோல் இருந்தது. ஒரு சின்னப் பயத்தை மூடிவைக்கப் போய், பக்கத்தில் படுத்திருந்தவள் மனதில் இப்படி ஒன்றை வளர்த்துவிட்டிருக்கிறார். அழுகை வந்தது. அழுதார்.

“சரி விடு, மூக்கத் தொடச்சுக்க,” என்று நெட்ரா கைக்குட்டையைக் கொடுத்தார். “நான் முழுசாப் பாக்கல. மறுபடி எப்போ?”

“சேறு காயணும். அப்புறம் உள்ள குளிர் ஏறிடும், அக்டோபர்னா கூட்டம்…” என்று ஆரம்பித்தவர் நெட்ராவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். தண்ணீரைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

“காஞ்ச அன்னிக்கு. நீ முன்னால போ. நான் உன் பையப் பிடிச்சுக்கிட்டு வர்றேன்.”