புளி வாடை

பள்ளி விடுமுறை முகாம் தொடங்க திண்டுக்கல்லில் நான் வாடகைக்குப் பிடித்த கூடம், முன்பு புளிக் கிடங்காக இருந்ததாம். இரண்டு முறை வெள்ளையடித்தும் வாடை போகவில்லை. இன்று காலை கதவைத் திறந்ததுமே என் விரல் நுனிகள் எரிந்தன.

சிறுவயதில், முழுப்பரீட்சை முடிந்ததும் அம்மா என்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு மில் வேலைக்குப் போவாள். அத்தை எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேரைச் சாக்கில் உட்கார வைத்து, ஆளுக்கொரு சுத்தியலைக் கொடுப்பாள். பொழுது சாயும்வரை புளியைத் தட்டிக் கொட்டை எடுக்க வேண்டும். அம்மா வந்ததும் அத்தை, "புள்ளைகளுக்குப் பொழுதன்னைக்கும் வெளையாட்டுத்தான் மதினி" என்பாள், கொஞ்சமும் கூசாமல்.

அம்மா அதை நம்பினாள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். எங்கே நம்பினாள்? தினமும் இரவு என் வெடித்த விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியவள் அவள்தானே! ஒரு நாள்கூட என்ன ஆச்சு என்று கேட்டதில்லை. அத்தை மீதிருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. அம்மா மீதிருப்பது ஆறவில்லை.

இன்று முகாமில் முதல் ஆளாக மகளைச் சேர்க்க வந்த பெண், "சும்மா உக்கார விடாம ஏதாச்சும் வேலை பழக்கிவிடுங்க டீச்சர்" என்றாள். சிறுமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இங்க சும்மாதான் இருப்பா" என்றேன். "சம்மதம்னா விட்டுட்டுப் போங்க."